லேசர் டயோடு: ஒளிக்கற்றையின் வடிவமும் கரண்ட்டின் அளவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மதுரை கே.புதூரில் எங்கள் வீட்டு மாடி அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். பாலிடெக்னிக் மாணவர்கள், டிவி பழுது பார்ப்பவர்கள், மரத்தில் பெயர்ப்பலகை செதுக்கும் கடைக்காரர் ஒருவர், பேரனோடு வரும் தாத்தா ஒருவர். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். ஆட்கள் மாறினாலும், மின்சாரத்தை லேசர் ஒளியாக்கும் சின்னப் பாகமான லேசர் டயோடைப் பற்றிய சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்டதை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். எளியதில் தொடங்கிச் சிக்கலானதுவரை, கேட்டவர்களின் போக்கிலேயே இங்கே தருகிறேன்.

டீச்சர், இதுவும் எல்இடி மாதிரிதானே? இரண்டு பென்சில் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் என்ன?

சில நிமிடங்கள் எரியும். எரிவதைப் பார்த்து, சரியாகச் செய்துவிட்டதாக நம்பிவிடுவோம். சிவப்பு லேசர் டயோடு ஏறத்தாழ 2.2 வோல்ட்டில் வேலை செய்கிறது. அந்த இடத்தில் வோல்டேஜ் ஒரு துளி கூடினாலும் உள்ளே பாயும் கரண்ட் மடமடவென்று ஏறிவிடும். புதிய பேட்டரி இரண்டு சேர்ந்தால் 3 வோல்ட்டுக்கும் மேல். 35 மில்லிஆம்பியரில் நிம்மதியாக இருக்க வேண்டிய டயோடு அதைப்போல் பல மடங்கைத் தாங்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. டயோடு சூடாகச் சூடாக அதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் குறைகிறது. நாம் வோல்டேஜைப் பிடித்து நிறுத்தினால், சூடு கரண்ட்டைக் கூட்டும், கரண்ட் சூட்டைக் கூட்டும். ஆகவே லேசர் டயோடுக்கு நாம் நிறுத்திப் பிடிக்க வேண்டியது கரண்ட்டை. அந்த வேலையைச் செய்யும் சுற்றைத்தான் டிரைவர் என்கிறோம். டயோடையும் லென்ஸையும் ஒரே உருளைக்குள் அடைத்து விற்கும் மலிவான 5 மில்லிவாட் மாட்யூல்களுக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டரை மட்டும் வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். அந்த அளவுக்கு அது போதும். அதற்கு மேல் போதாது.

5 மில்லிவாட்தானே, அதற்குமா பாதுகாப்புக் கண்ணாடி?

கண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை வைத்து லேசர்களை வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். 1 மில்லிவாட்டுக்குக் கீழே இருக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளி இரண்டாம் வகுப்பு. கண் தானாகச் சிமிட்டும் கால் நொடியே அதற்குப் பாதுகாப்பு. 5 வரை 3ஆர், 5 முதல் 500 வரை 3பி, அதற்கு மேல் நான்காம் வகுப்பு. 5 மில்லிவாட் சிவப்பைக் கண்ணுக்கு நேராகக் காட்டாமல் வேலை செய்தால் கண்ணாடி இல்லாமலும் சமாளிக்கலாம். 3பி தொடங்கியதும் கண்ணாடி இல்லாமல் என் அறையில் யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாது. காரணம் எளிது: உள்ளே வரும் நேர்க்கற்றையைக் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் சில மைக்ரோமீட்டர் அளவுப் புள்ளியாகக் குவித்துவிடுகிறது. அங்கே சேரும் செறிவு, விழிமேல் விழுந்ததைப்போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு.

ஊதா நிறம் இன்னும் மோசமாக ஏமாற்றும். 405 நானோமீட்டர் ஒளியை நம் கண் பச்சையைப் பார்ப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிரகாசமாகப் பார்ப்பதில்லை. மங்கலாகத் தெரிகிறதே என்று உற்றுப் பார்ப்பவர்களை நான் அதட்டியே இழுத்திருக்கிறேன். கண்ணாடி வாங்கும்போது எந்த அலைநீளத்துக்கு எத்தனை 'ஓடி' (ஒளியைத் தடுக்கும் அளவு) என்று பாருங்கள். ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நீலத்துக்கான ஆரஞ்சு நிறக் கண்ணாடி சிவப்பைத் தடுக்காது. கூலிங் கிளாஸ் எதையுமே தடுக்காது.

ஒரு ஞாயிறன்று மேசையில் காபி குடித்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. 1 வாட் நீலக் கற்றை திரும்பும்போது அதன் வளைவில் பட்டு, கூரையில் ஆரம்பித்து ஜன்னல்வரை ஒரு வில்லை வரைந்துவிட்டுப் போனது. ஒரு நொடியில் அறையில் இருந்த ஒன்பது பேரின் முகத்தையும் அது கடந்தது. அனைவரும் கண்ணாடி அணிந்திருந்தார்கள். அன்றிலிருந்து லேசர் மேசைக்கு எவர்சில்வர் வராது. கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாம் கதவோரக் கிண்ணத்தில்.

தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது? வலிக்கவில்லையே.

விழித்திரைக்கு வலி தெரியாது. வலிக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பார்வையில் கறுப்புப் புள்ளி, கோணலாகத் தெரியும் எழுத்து, விட்டுப்போகாத ஒளித்தழும்பு ஏதாவது இருந்தால் அன்றைக்கே விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், 3பி அல்லது அதற்கு மேற்பட்டது நேராகப் பட்டிருந்தால் போய்விடுங்கள். 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. இங்கே இருந்துகொண்டு கண்ணைக் காட்டத் தயங்குவதற்குக் காரணமே இல்லை. அலைநீளம், மில்லிவாட், எத்தனை நொடி என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.

எந்தக் கரண்ட்டில் அது லேசராகிறது?

ஒவ்வொரு டயோடுக்கும் ஒரு தொடக்க மின்னோட்டம் உண்டு. அதற்குக் கீழே அது வெறும் மங்கலான எல்இடி. தாண்டிய பிறகு ஒளி நேர்கோட்டில் சட்டென்று ஏறும். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஒரு மணி நேரம் செலவழித்து வரைந்து பார்ப்பது மேல். ஒளியைக் கரண்ட்டாக மாற்றும் பிபிடபிள்யூ 34 என்ற போட்டோடயோடை மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் அளவில் இணையுங்கள். முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒளியைப் பரவ விடுங்கள். கரண்ட்டை 2 மில்லிஆம்பியர் வீதம் ஏற்றி ஏற்றி இரண்டு எண்களையும் குறித்து, கட்டத்தாளில் வரையுங்கள்.

எங்கள் 5 மில்லிவாட் சிவப்பில் 22 வரை கோடு தரையோடு ஊர்ந்தது. 24-இல் நிமிர்ந்தது. அதே நேரத்தில் சுவரில் ஒன்றைக் கவனித்தோம்: சீராக இருந்த சிவப்பு வெளிச்சம் திடீரென்று மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாக மின்னத் தொடங்கியது. லேசராகிவிட்டது என்பதற்கு அந்த மணல்தான் சாட்சி. இந்த வரைபடம் உங்கள் டயோடின் ஜாதகம். பத்திரப்படுத்துங்கள், பின்னால் இரண்டு கேள்விகளில் இதைத் திரும்ப எடுப்போம்.

புள்ளி வட்டமாக விழவில்லை, கோடாக விழுகிறது. கடைக்காரர் பழுதான டயோடைக் கொடுத்துவிட்டாரா?

அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். டயோடு நன்றாகவே இருக்கிறது. ஒளி வெளிவரும் வாய் ஒரு நீண்ட பிளவு. அதன் உயரம் 1 மைக்ரோமீட்டர் அளவு. அகலம் சின்ன சிவப்பு டயோடில் 3 அல்லது 4 மைக்ரோமீட்டர். வாட் கணக்கில் ஒளி தரும் நீலத்தில் 15, 30 என்று போகும். ஒளிக்கு ஒரு குணம் உண்டு: எந்தப் பக்கம் நெருக்குகிறோமோ அந்தப் பக்கம்தான் அதிகமாக விரியும். தோட்டக் குழாயின் வாயை விரலால் நசுக்கினால் தண்ணீர் எப்படி விசிறுகிறது என்று பாருங்கள். காரணம் வேறு என்றாலும் காட்சி ஒன்றுபோலத்தான் இருக்கும். 1 மைக்ரோமீட்டர் பக்கம் 30, 40 பாகைக்கு விரிகிறது. அகலப் பக்கம் 10 பாகைதான். முதலாவதை வேக அச்சு என்றும் இரண்டாவதை மெது அச்சு என்றும் சொல்வார்கள்.

லென்ஸ் இல்லாமல் மிகக் குறைந்த கரண்ட்டில், கண்ணாடி அணிந்து, ஒரு சாண் தூரத்தில் தாளைப் பிடித்துப் பாருங்கள். நீள்வட்டம் தெரியும். அந்த நீள்வட்டத்தின் நீண்ட பக்கம் வாயின் குறுகிய பக்கத்தைக் காட்டுகிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் பின்னால் வருவதெல்லாம் குழம்பும்.

கிட்டத்தில் நின்றுகொண்டிருக்கும் கோடு, எதிர்ச் சுவரில் படுத்துக்கொள்கிறது. கற்றை முறுக்கிக்கொள்கிறதா?

எதுவும் முறுக்கவில்லை. ஒரு நீல டயோடை வைத்துக் கணக்குப் போடுவோம். லென்ஸின் குவியத் தூரம் 4 மில்லிமீட்டர். வேக அச்சில் 40 பாகை விரிந்து வருவதால் லென்ஸை விட்டுக் கிளம்பும்போது கற்றை அந்தப் பக்கம் ஏறக்குறைய 2.9 மில்லிமீட்டர் இருக்கும். மெது அச்சில் 10 பாகை. அந்தப் பக்கம் 0.7 மில்லிமீட்டர்தான். ஆகவே கிட்டத்தில் நிற்கும் கோடு.

லென்ஸுக்குப் பிறகும் எந்தக் கற்றையும் முழுக்க நேராகப் போவதில்லை. மெது அச்சில் 15 மைக்ரோமீட்டர் வாயை 4 மில்லிமீட்டரால் வகுத்தால், ஒரு மீட்டருக்கு 3.75 மில்லிமீட்டர் விரிவு. வேக அச்சில் விரிவு மீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர் அளவே. மெலிந்து கிளம்பியது வேகமாகப் பருக்கிறது. தடித்துக் கிளம்பியது அப்படியே இருக்கிறது. 60 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டும் சமமாகிக் கிட்டத்தட்டச் சதுரம். 10 மீட்டரில் ஒரு பக்கம் 38 மில்லிமீட்டர், மறுபக்கம் 5. அதுதான் படுத்த கோடு. தூரத்தில் நீங்கள் பார்ப்பது டயோடின் வாயையே பெரிதாக்கிய படம்.

லென்ஸில் எதை வாங்குவது?

டவுன்ஹால் ரோடு பக்கத்துக் கடைகளில் 12 மில்லிமீட்டர் மாட்யூல் கேட்டால் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஒற்றை லென்ஸோடுதான் வரும். 5 மில்லிவாட்டுக்கு அது சரி. அதற்கு மேல் கண்ணாடி லென்ஸ் வேண்டும். மூன்று துண்டுக் கண்ணாடி லென்ஸ் ஓரச் சிதறல் இல்லாத சுத்தமான கற்றையைத் தரும். ஆனால் வேக அச்சின் விளிம்பு ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். குறுங்குவிய ஒற்றை ஆஸ்பெரிக் (கோள வளைவு இல்லாத) லென்ஸ் ஒளியைப் பெரும்பகுதி வாரிக்கொள்ளும். இரு ஓரத்திலும் மீசைபோல் சிதறல் விடும். மரத்தில் சுட முதலாவதைவிட இரண்டாவது, சுவரில் அழகாகப் பார்க்க முதலாவது. பூசப்பட்ட படலம் உங்கள் அலைநீளத்துக்கானதுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்எம் 317 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசியை வைத்து டிரைவர் செய்யலாமா? ரெசிஸ்டர் கணக்கு எப்படி?

1 ஆம்பியருக்குக் கீழ் தாராளமாகச் செய்யலாம். அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையில் ஒரு ரெசிஸ்டர். அட்ஜஸ்ட் காலிலிருந்து லேசர் டயோடு வழியாகத் தரை. 1.25-ஐ ஓம் மதிப்பால் வகுத்தால் ஆம்பியர் வரும். 39 ஓம் வைத்தால் 32 மில்லிஆம்பியர். 6.8 ஓம் வைத்தால் 184 மில்லிஆம்பியர். பின்னதில் ரெசிஸ்டரில் மட்டும் 0.23 வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் கருகும், 1 வாட் போடுங்கள்.

மொபைல் சார்ஜரின் 5 வோல்ட் போதுமா என்று கேட்பார்கள். டயோடுக்கு 2.2, ரெசிஸ்டருக்கு 1.25, ஐசிக்கு 2 அளவு. கூட்டினால் 5-ஐத் தாண்டுகிறது, போதாது. 7 முதல் 9 வோல்ட் கொடுங்கள். மிச்ச வோல்டேஜ் ஐசியில் சூடாகும் என்பதால் ஹீட்சிங்க் மாட்டுங்கள். அந்த ஐசியின் உலோக முதுகு அவுட்புட் காலோடு ஒட்டியது. அதை லேசர் மாட்யூலின் உடம்போடு உரச விடாதீர்கள். 1 ஆம்பியருக்கு மேல் போகும் நீலத்துக்கு ஸ்விட்ச் முறையில் இயங்கும் டிரைவரே ஏற்றது. நீல டயோடுகளுக்கு 4 முதல் 5 வோல்ட் தேவைப்படும். எல்எம் 317-இல் வீணாகும் சூடு அதிகம்.

வால்யூம் பொத்தானைப்போல் ஒரு பாட் (திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்துக் கூட்டிக் குறைக்கலாமா?

வைக்கலாம். அதோடு தொடராக ஒரு நிலையான ரெசிஸ்டர் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் டயோடின் உச்ச கரண்ட்டுக்கு முந்தைய பதிலின் கணக்குப்படி அதன் மதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாமல் பாட்டைக் கடைசிவரை திருப்பினால் மொத்த எதிர்ப்பும் சுழியம். ஐசி தன் வலிமை முழுவதையும் டயோடுக்குள் கொட்டிவிடும்.

உண்மையான டயோடை மாட்டாமல் டிரைவரைச் சோதிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது; இதைச் செய்யாமல் யாரும் டயோடை மாட்டவே கூடாது. 1என்4007 என்ற சாதாரண டயோடுகளை வரிசையாகக் கோத்து, கடைசியில் 1 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு ஆறு. மல்டிமீட்டரை அந்த 1 ஓம் குறுக்கே மில்லிவோல்ட் அளவில் வையுங்கள். 184 மில்லிவோல்ட் காட்டினால் 184 மில்லிஆம்பியர். பத்து நிமிடம் ஓட விட்டு, எண் நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு அட்டையில் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அறையில் அதற்கு 'பொம்மை' என்று பெயர்.

பொம்மையில் சரியாகக் காட்டியது டீச்சர். உண்மை டயோடைத் தொட வைத்த நொடியில் போய்விட்டது. ஏன்?

இந்தப் பாடத்தை நான் என் சொந்த டயோடைக் கொடுத்துக் கற்றேன். டிரைவரின் வெளிமுனையில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போட்டிருந்தேன். அது நல்ல பழக்கம்தான், மின்சாரத் துள்ளல்களை விழுங்கும். பொம்மையைக் கழற்றியதும் சுற்றில் சுமை இல்லை. ஐசி தன் வோல்டேஜை மேலே ஏற்றியது. மின்தேக்கி 8 வோல்ட்டுக்கு நிரம்பியது. அந்த நிலையில் டயோடைத் தொட வைத்தேன். அவ்வளவு மின்னூட்டமும் ஒரு மினுக்கில் உள்ளே பாய்ந்தது. சிவப்பாக ஒரு வெட்டு. அதற்குப் பிறகு எத்தனை மில்லிஆம்பியர் கொடுத்தாலும் மங்கிய எல்இடிதான்.

ஆகவே வரிசை இதுதான்: மின்சாரத்தை நிறுத்துங்கள், மின்தேக்கியின் இரு காலையும் கம்பியால் சேர்த்து வடிய விடுங்கள், டயோடைப் பற்றவையுங்கள், பிறகு ஸ்விட்ச். முதலைப் பிடிக் கம்பிகள் இங்கே வேண்டாம். ஒரு கணம் விட்டுத் தொட்டாலும் இதே கதை.

டயோடு இப்படிச் சாவதன் உட்காரணம் அதன் வாய்முகப்பில் இருக்கிறது. அந்த 1 மைக்ரோமீட்டர் பிளவின் முகப்பு கண்ணாடிபோல் மழுமழுப்பானது. அளவுக்கு மீறிய ஒளி அங்கே சேர்ந்தால் முகப்பு உருகிவிடும். நானோநொடிகள் போதும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த அடையாளமும் இருக்காது. உடம்பில் சேரும் நிலைமின்னும் இதே வேலையைச் செய்யும். வறண்ட மாதங்களில் பாலியெஸ்டர் சட்டையோடு வருபவர்களை முதலில் எர்த் கம்பியைத் தொடச் சொல்கிறேன். பற்றவைக்கும்வரை டயோடின் கால்களை மெல்லிய செம்புக் கம்பியால் சேர்த்துச் சுற்றி வையுங்கள். டயோடுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் 1என்4148 என்ற சாதாரண டயோடு ஒன்று இருந்தால் தலைகீழ் மின்சாரத்திலிருந்தும் காக்கும்.

மல்டிமீட்டரைத் தொடராகப் போட்டு ஆம்பியரை நேராகப் பார்த்தால் என்ன?

மீட்டரின் குமிழைத் திருப்பும்போது சுற்று ஒரு கணம் அறுந்து மீண்டும் சேரும். முந்தைய பதிலில் நடந்தது அப்படியே நடக்கும். 1 ஓம் ரெசிஸ்டரைச் சுற்றிலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். அதன் குறுக்கே எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம்.

மார்கழியில் பளிச்சென்று இருந்தது, சித்திரை வந்ததும் மங்கிவிட்டது. கரண்ட்டை ஏற்றலாமா?

ஏற்றவே ஏற்றாதீர்கள். சூடு கூடும்போது தொடக்க மின்னோட்டம் மேலே நகர்கிறது. டிசம்பரில் 24-இல் நிமிர்ந்த கோடு, அக்னி நட்சத்திரத்தில் எங்கள் தகரக் கூரையின் கீழ் 29-இல்தான் நிமிர்ந்தது. அதே 32 மில்லிஆம்பியரில் ஒளி குறைவது இயல்பே. பல சிவப்பு டயோடுகளுக்கு உறையின் உச்ச வெப்பநிலை 40 முதல் 60 பாகை செல்சியஸ் என்றுதான் தரவுத்தாள் சொல்லும். மதுரையில் மே மாதம் நிழலிலேயே 40. டயோடு தன் சூட்டைச் சேர்க்கத் தொடங்கும் முன்பே எல்லையில் நிற்கிறது. அந்த நேரத்தில் கரண்ட்டை ஏற்றினால் சூடும் ஏறும். மாலையில் குளிர்ந்ததும் அதே கரண்ட்டில் ஒளி எல்லை மீறி முகப்பு போய்விடும்.

செய்ய வேண்டியது குளிர்விப்பது. 12 மில்லிமீட்டர் மாட்யூலைக் காற்றில் தொங்க விடாமல் அலுமினியக் கட்டைக்குள் இறுக்குங்கள். புதூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கட்டையைக் கொடுத்து 12 மில்லிமீட்டருக்குத் துளை கடைந்து வாங்கினோம். கையால் தள்ளினால் நுழைய வேண்டும், தானாக நழுவக் கூடாது. அந்தப் பொருத்தத்தைக் கடைசல்காரர் மூன்று முறை மாட்டிப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தார். இடையில் வெப்பப் பசை மெல்லிய பூச்சாக. இதற்குப் பிறகு அதே தகரக் கூரையின் கீழ் பத்து நிமிடம் தொடர்ந்து எரிந்தும் ஒளி இறங்கவில்லை.

மூன்று கால் டயோடுகளில் ஒளியைக் கண்காணிக்கும் போட்டோடயோடு உள்ளேயே இருக்கும். அதை நம்பி ஒளியை நிலைநிறுத்தும் டிரைவர்கள், சூடேறும்போது தாங்களாகவே கரண்ட்டை ஏற்றும். அந்த வகையைப் பயன்படுத்தினால் உச்ச கரண்ட்டுக்கு ஒரு தடை கட்டாயம் வேண்டும்.

பழைய டிவிடி ரைட்டரிலிருந்து எடுத்த டயோடு நல்லதா?

கற்றுக்கொள்ள மிக நல்லது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ரைட்டரில் 650 நானோமீட்டர் சிவப்பு ஒன்றும், சிடிக்கான 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒன்றும் இருக்கும். சிலவற்றில் இரண்டும் ஒரே உறைக்குள். வாய் குறுகலாக இருப்பதால் கற்றை அழகாகக் குவியும். வேகமான ரைட்டர்களின் சிவப்பு 200 மில்லிஆம்பியர் அளவில் நன்றாக வேலை செய்யும். இது 3பி வகுப்பு. கண்ணாடி பற்றிச் சொன்னது முழுதும் பொருந்தும். 780 கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. எது எது என்று தெரியாத டயோடை முகத்துக்கு நேரே பிடித்துச் சோதிக்காதீர்கள். கைப்பேசிக் கேமராவின் திரையில் பாருங்கள்.

கடையில் விற்கும் பச்சை பாயிண்டரைப் பிரித்து அதன் கரண்ட்டை ஏற்றலாமா?

வேண்டாம். மலிவான 532 நானோமீட்டர் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தைத் தூண்டும், அது 1064-ஐத் தரும், இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 ஆக்கும். இறுதியில் அகச்சிவப்பை வடிகட்ட ஒரு சின்ன வடிகட்டி வேண்டும். காசை மிச்சப்படுத்த அதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2010-இல் வெளியிட்ட அறிக்கையில், பச்சை மங்கலாகத் தெரிந்த ஒரு மலிவுப் பாயிண்டர் ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பைக் கக்கியது பதிவாகியிருக்கிறது. கரண்ட்டை ஏற்றினால் பச்சை கூடும் என்ற உறுதி இல்லை. கண்ணுக்குத் தெரியாதது நிச்சயம் கூடும்.

அக்கா, நீல லேசரில் செதுக்கும்போது குறுக்குக் கோடு மெல்லியதாகவும் நெட்டுக் கோடு தடிமனாகவும் வருகிறது. இயந்திரத்தின் பெல்ட்டை எத்தனை முறை இறுக்கினாலும் சரியாகவில்லை.

பெயர்ப்பலகைக் கடைக்காரர் கேட்டது. அவர் கொண்டுவந்தது பனையோலை. வெந்து காய்ந்த ஓலையில் குறள் எழுதி விற்க வேண்டும் என்று ஆசை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மெய்யெழுத்தின் மேல் இருக்க வேண்டிய புள்ளி, புள்ளியாகவே இல்லை. அரிசி மணியைப்போல் ஒரு சின்னக் கோடு. எழுத்தாணிக் காலத்தில் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டே எழுதினார்கள். இவருக்குப் புள்ளி கோடாகிவிட்டது.

அந்த அரிசி மணி டயோடின் வாய்தான். 30 மைக்ரோமீட்டர் வாயைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் குவித்தால் 0.3 மில்லிமீட்டர் நீளம். லேசர் அந்த நீளத்தின் திசையிலேயே நகரும்போது கோடு மெலிந்து கருகும், ஏனென்றால் ஓலையின் ஒவ்வொரு இடத்திலும் ஒளி நீண்ட நேரம் நிற்கிறது. குறுக்கே நகரும்போது தடிமனாக, வெளிறி வரும். பெல்ட்டில் எந்தக் குற்றமும் இல்லை. மாட்யூலைக் கட்டையிலேயே 45 பாகை திருப்பினோம். இரு திசையிலும் கோடு ஒரே 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தது. புள்ளி இன்னும் வட்டமில்லை, சாய்ந்த மணி. அதற்கு வழி கடைசிக்கு முந்தைய கேள்வியில்.

கரண்ட்டை ஏற்றினால் ஒளி மட்டும்தானே கூட வேண்டும்? கோடும் நீளுகிறதே?

கூர்ந்து பார்ப்பவர்கள்தான் இதைக் கேட்பார்கள். அகன்ற வாயுள்ள டயோடில் ஒளி அந்த அகலத்துக்குள் பல அலைவடிவங்களில் ஒரே நேரத்தில் நிற்க முடியும். தொடக்க மின்னோட்டத்தைச் சற்றே தாண்டிய நிலையில் சில வடிவங்கள் மட்டும். கரண்ட் ஏற ஏற மேலும் சில சேர்கின்றன. அவை மெது அச்சில் அதிகக் கோணத்தில் வெளியேறுபவை. அதனால் கற்றை அந்தத் திசையில் அகலும், நடுவில் பட்டை பட்டையாகவும் தெரியும். வேக அச்சில் இந்த மாற்றம் அநேகமாக இருக்காது.

ஆகவே சுடும் வேலைக்கு உச்ச கரண்ட் சிறந்தது என்று நினைக்காதீர்கள். 20 சதவீதம் ஒளியைக் கூட்டி, அது பரவும் இடமும் கூடிவிட்டால் ஓலைக்கு லாபமில்லை. டயோடின் ஆயுள்தான் குறையும். எங்கள் வழக்கம் தரவுத்தாள் சொல்லும் உச்சத்தில் 80 சதவீதம். குறுகிய வாயுள்ள சிவப்பில் இந்தப் பிரச்சினை குறைவு. அங்கே நீங்கள் கட்டத்தாளில் வரைந்த கோட்டில் ஓர் இடத்தில் சின்ன முறிவு தென்பட்டால், அந்தக் கரண்ட்டைத் தாண்டாதீர்கள்.

கடைசியில் கற்றையை வட்டமாக்கவே முடியாதா?

முடியும், விலை கொடுத்து. உருளை லென்ஸ் ஜோடி ஒன்று மெது அச்சை மட்டும் அகலப்படுத்தி, அந்த அச்சின் விரிவைக் குறைக்கும். ஓலைக்காரருக்கு அதையே பரிந்துரைத்தேன். சாய்த்து நிறுத்திய பிரிசம் ஜோடியும் இதையே செய்யும், இடம் குறைவாக எடுக்கும், கற்றையைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளும். ஊசித் துளையில் செலுத்தி வட்டமாக்கலாம் என்பார்கள்; ஒற்றை வடிவச் சிவப்பில் அழகாக வேலை செய்யும், பல வடிவ நீலத்தில் பெரும்பகுதி ஒளியைத் தகட்டிலேயே கொட்டிவிடும். எதைச் செய்தாலும் ஒரு கணக்கை மாற்ற முடியாது: கற்றையை எத்தனை மடங்கு அகலப்படுத்துகிறோமோ அத்தனை மடங்குதான் விரிவு குறையும்.

நம் மாடியிலிருந்து யானைமலையில் புள்ளி விழ வைக்க முடியுமா, டீச்சர்?

பேரனோடு வரும் தாத்தாவின் பேரன், ஏழாம் வகுப்பு, கேட்டான். தாளில் போட்டுப் பார்த்தோம். தூரம் 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 15 மைக்ரோமீட்டர் நீலத்தில் மீட்டருக்கு 3.75 மில்லிமீட்டர் விரிவு என்றால், பாறையில் விழுவது ஒரு பக்கம் ஏறக்குறைய 19 மீட்டர், மறுபக்கம் 1 மீட்டர். ஒரு பஸ்ஸைவிட நீளமான பட்டை. 1 வாட் ஒளி அந்த இடம் முழுவதும் பரவினால் நிலாவெளிச்சத்தைப்போல் சில மடங்குதான் தெரியும்.

செய்து பார்க்கக் கூடாது என்றும் சொன்னேன். இடையில் வீடுகளும் மேலூர் சாலையும் இருக்கின்றன. பெருங்குடி விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் இரவில் இறங்குகின்றன. விமானி அறைக்குள் லேசர் ஒளி பாய்ச்சுவது குற்றம், அந்த ஒளி அங்கே கண்ணாடி முழுவதும் பரவி விமானியின் பார்வையை மறைத்துவிடும். பையன் கணக்கைத் திருப்பிப் போட்டான். பட்டையை 2 மீட்டருக்குள் அடக்க வேண்டுமானால் கற்றையை ஏறக்குறைய பத்து மடங்கு அகலப்படுத்த வேண்டும், அதாவது 40 மில்லிமீட்டர் குவியத் தூரத்துக்குச் சமமான லென்ஸ் அமைப்பு. அதை எங்கள் வராந்தாவின் 12 மீட்டரில், 5 மில்லிவாட் சிவப்பை வைத்து, கறுப்புப் பூசிய செங்கல்லில் முடியும்படி அடுத்த ஞாயிறு சோதிக்கப்போகிறோம்.